கபினி வனவிடுதியில் தங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கபினிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. எல்லோரும் முதலில் கேட்பது புலியைப் பற்றித்தான். அதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான்.

மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது என்று செய்தித்தாளில் வரும் அதே கபினியா?

அதேதான். வயநாட்டு மலைகளில் பிறக்கும் ஆறு, மைசூரு மாவட்டத்தின் வழியாக ஓடி, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியில் சேருகிறது. எச்.டி.கோட்டே வட்டத்தில் பீச்சனஹள்ளி அருகே அதன் குறுக்கே அணை கட்டி முடித்தது 1974இல். கொள்ளளவு 19.52 டிஎம்சி. அந்த நீர்த்தேக்கத்தின் வடகரையில் நாகரஹொளே, தென்கரையில் பந்திப்பூர். பந்திப்பூரைத் தாண்டினால் நம்முடைய முதுமலை, மேற்கே வயநாடு. வரைபடத்தில் மூன்று மாநிலங்கள், நான்கு சரணாலயங்கள்; யானைகள் நடப்பது ஒரே காட்டில்.

நாகரஹொளே 643 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா. 1999இல் புலிகள் காப்பகம் ஆனது. விடுதிகள் பெரும்பாலும் காராப்புரா என்ற கிராமத்தைச் சுற்றி, தண்ணீர்க் கரையோரமாக இருக்கின்றன.

விடுதி காட்டுக்குள்ளேயே இருக்கிறதா? அறையிலிருந்தே விலங்குகளைப் பார்க்கலாமா?

காட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. கென்யாவில் தண்ணீர்க் குட்டையைப் பார்த்தபடி கட்டிய விடுதிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, இங்கேயும் தாழ்வாரத்துக்கு எதிரில் யானை வந்து நிற்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. அறை வாசலில் மந்தியும் (கருமுக நீள்வால் குரங்கு) மலை அணிலும் வரும். அக்கரையில் யானைக் கூட்டம் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியலாம். பைனாகுலர் இருந்தால் புள்ளிகளுக்குக் காது முளைக்கும். விலங்குகளை அருகில் பார்க்க வேண்டுமானால் ஜீப்பிலோ படகிலோ ஏறித்தான் ஆக வேண்டும்.

உண்மையிலேயே அறைக்குள் வரும் காட்டுவிலங்கு ஒன்று உண்டு: நாட்டுக் குரங்கு. கதவைத் தாழிடாமல் குளிக்கப் போன ஐந்து நிமிடத்தில் என் பையின் ஜிப்பைத் திறந்து, பிஸ்கட் பொட்டலத்தையும் கூடவே இரத்த அழுத்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது ஒன்று. பிஸ்கட் போனால் போகட்டும். மாத்திரைக்காக எச்.டி.கோட்டே வரை போய்வர வேண்டியிருந்தது.

பழைய விடுதி, மைசூர் மகாராஜாவின் வேட்டை மாளிகை இருந்த வளாகத்தில் இருக்கிறது. அதை நடத்தும் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் 1980இல், நேபாளத்தின் டைகர் டாப்ஸ் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கப்பட்டது. கபினியை வளர்த்தெடுத்தவர் கர்னல் ஜான் வேக்ஃபீல்ட். இளமையில் வேட்டைக்காரராக இருந்த அவர், 2010இல் மறையும் வரை இங்கேயேதான் வாழ்ந்தார். தனியார் விடுதிகள் பிறகு வந்தவை. அவற்றில் நீச்சல் குளமும் மற்ற வசதிகளும் அதிகம். காடு எல்லோருக்கும் ஒன்றே.

எந்த மாதம் போவது நல்லது?

யானைக்காகப் போகிறீர்கள் என்றால் மார்ச் முதல் மே வரை.

இதன் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. அணை கட்டியபோது ஆற்றோரக் காடு தண்ணீருக்குள் போனது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் நீரைத் திறந்துவிட, கோடையில் நீர்மட்டம் இறங்குகிறது. இறங்க இறங்க, வண்டல் படிந்த கரை வெளியே வருகிறது; அதில் பசும்புல் முளைக்கிறது. சுற்றிலும் காடு காய்ந்து, ஓடைகள் வற்றி, தேக்கு இலையுதிர்த்து நிற்கும் காலத்தில் தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைத்தால் யானைகள் வராமல் என்ன செய்யும்? பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக இறங்கி வருகின்றன. ஆசிய யானைகள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரே இடத்தில் கூடுவதை வேறெங்கும் பார்ப்பது அரிது. மனிதன் தன் வயலுக்காகக் கட்டிய அணை, யானைக்குக் கோடைகால மேய்ச்சல் நிலமாகியிருக்கிறது.

ஆகவே என் யோசனை: முன்பதிவு செய்யும் முன் காலண்டரோடு நாளிதழையும் பாருங்கள். தமிழ் நாளிதழ்களில் கபினியின் நீர்மட்டம் எப்படியும் வந்துவிடும், நமக்கு மேட்டூர் கவலை இருப்பதால். முழு அளவு கடல்மட்டத்திலிருந்து 2,284 அடி. மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் கிளம்புங்கள். "கபினி நிரம்பியது, உபரிநீர் திறப்பு" என்று ஜூலையில் செய்தி வரும் நாளில் டெல்டா விவசாயி மகிழலாம். யானை பார்க்க நினைப்பவர் மகிழ ஒன்றுமில்லை. புல்வெளி முழுவதும் தண்ணீருக்கடியில் இருக்கும், யானைகள் காட்டுக்குள் கலைந்திருக்கும்.

மழைக்காலத்தில் காடு கண்கொள்ளாப் பசுமையாக இருக்கும் என்பது வேறு விஷயம். வட இந்தியக் காப்பகங்களைப் போல மாதக்கணக்கில் மூடுவதில்லை. கனமழை பெய்தால் சில பாதைகளில் ஜீப் போகாது. குளிர்காலம் பறவை பார்ப்பவர்களுக்கு. டிசம்பர், ஜனவரி அதிகாலையில் திறந்த ஜீப்பில் போகும்போது பல் கிட்டிக்கும் அளவுக்குக் குளிரும், சொல்லிவிட்டேன்.

ஜீப்பா, படகா?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கோடையில் நான் படகைச் சொல்வேன். இதற்காக என்னோடு சண்டை போட்ட நண்பர்கள் உண்டு.

ஜீப்பில் உங்கள் பார்வை பாதையின் இருபுறமும் சில கஜ தூரத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் உண்ணிச்செடிப் புதர். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இந்தச் செடி, இன்று தென்னிந்தியக் காடுகளின் பெரும் தொல்லை. மான் தின்ன வேண்டிய புல்லை முளைக்கவிடுவதில்லை. அதற்குள் யானையே நின்றாலும் தெரியாது. பாதையோரங்களில் புதரை வெட்டிவிடுவதால் அங்கே வரும் விலங்குகளையாவது பார்க்க முடிகிறது.

படகில் அந்தத் தடை இல்லை. கரை முழுவதும் திறந்து கிடக்கும். மோட்டாரை அணைத்துவிட்டால் படகு மெல்ல மிதந்துகொண்டே போகும். யானைகள் ஜீப்பைப் பார்த்து மிரளும் அளவுக்குப் படகைப் பார்த்து மிரள்வதில்லை. மூத்த பிடி (பெண் யானை) ஒன்று புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, முழங்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் போடுவதை அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கன்று ஒன்று அதேபோல் செய்ய முயன்று, தட்டும்போதே புல்லைத் தவறவிட்டுவிட்டு, கடைசியில் தாயின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்றது.

நீருக்குள் மூழ்கி இறந்த மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயவைக்கும். குளிர்காலத்தில் விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து வந்து அமரும். மணல்திட்டில் முதலை. கோடையில் வெளிப்படும் தீவுகளில் ஆற்று ஆலாக்கள் முட்டையிடும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனோடு கரையேறுவதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அன்றைக்குப் புலியை மறந்துவிடுவீர்கள்.

இரண்டு இரவு தங்கினால் இரண்டுமே கிடைக்கும். ஓர் இரவு மட்டும் தங்குவது பெரும்பாலும் பயணக் களைப்புக்குத்தான் சரியாகும்.

சரி, புலி தெரியுமா?

தெரியலாம். நான் பார்த்திருக்கிறேன், பாராமலும் திரும்பியிருக்கிறேன். உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்லும் விடுதியில் பதிவு செய்யாதீர்கள்.

புலியைக் கண்ணால் தேடுவதில்லை, காதால் தேடுகிறார்கள். நல்ல வழிகாட்டி ஜீப்பை நிறுத்திவிட்டு இன்ஜினை அணைப்பார். எல்லோரும் எதையோ பார்ப்பதற்காக எழுந்து நிற்பார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மரத்தின் மேலிருந்து மந்தி இருமுவதுபோல் குரைக்கும். அதற்கு உயரத்திலிருந்து எல்லாம் தெரியும். புள்ளிமான் கூர்மையாகக் கத்தும், ஆனால் அது எளிதில் பதறுகிற பிராணி. கடமான் கத்தினால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். மிளா என்றும் சொல்வோமே, அந்தப் பெரிய மான்தான். கனத்த தகரத்தைத் தட்டியதுபோன்ற அந்தக் குரல் ஒரே திசையிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், அங்கே புலியோ சிறுத்தையோ செந்நாயோ நடமாடுகிறது என்று பொருள். பிறகு குரல் நின்றுபோகும். அந்த அமைதியில் ஜீப்பில் இருக்கும் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் இந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் மறுபடி மறுபடி போகிறேன். முடிவில் புலி வந்தால் வரட்டும்.

புலி ஒன்றையே நினைத்துக்கொண்டு வருகிறவர்களோடு ஜீப்பில் போவது கொஞ்சம் கஷ்டம். "மான்தானே, போகலாம்" என்பார்கள். முதுகுத்தசை புடைத்து, நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் காட்டெருது நிற்கும், "எருமைதானே" என்பார்கள். அது எருமையே அல்ல, மாட்டினம். நல்ல வளர்ந்த காளை ஒரு டன் எடையைத் தொடும்.

கருஞ்சிறுத்தை?

அது தனி இனமன்று. தோலில் கருமை மிகுந்து பிறந்த சாதாரணச் சிறுத்தைதான். வெயில் பட்டால் கருப்புக்குள் புள்ளிகள் தெரியும். கபினியில் அப்படி ஒன்று பல ஆண்டுகளாகப் புகைப்படக்காரர்களை இழுத்தது. நான் பார்த்ததில்லை. அதற்காக மட்டும் போகாதீர்கள்.

எவ்வளவு அருகில் பார்க்கலாம்? ஆபத்து இல்லையா?

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைப்படி, விலங்குகளிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சுற்றி வளைப்பதும் தீனி காட்டி வரவழைப்பதும் கூடாது. இது நாம் அதை நெருங்குவதற்கான விதி. அது நம்மை நெருங்க விதி ஏதும் இல்லை. பாதை வளைவில் திரும்பும்போது பத்தடியில் யானை நிற்பது கபினியில் சாதாரணம்.

அப்போது யானையின் முகத்தைப் பாருங்கள். காதுகள் சீராக விசிறிக்கொண்டிருந்தால், வால் தளர்ந்திருந்தால், தின்றுகொண்டேயிருந்தால் கவலையில்லை. காதை அகல விரித்து அசைக்காமல் நிறுத்தி, தலையை உயர்த்தினால் அது உங்களை எடை போடுகிறது. தின்பதை நிறுத்திவிட்டு ஒரு முன்னங்காலை மட்டும் ஊசலாட்டினால் என்ன செய்வது என்று யோசிக்கிறது. பிளிறிக்கொண்டு பாய்ந்து வந்து சட்டென்று நிற்பது பெரும்பாலும் மிரட்டல். காதை ஒடுக்கி, தும்பிக்கையைச் சுருட்டிச் சத்தமின்றி வந்தால் அது மிரட்டலன்று. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் களிறு என்றால் ஓட்டுநர் நம்மைக் கேட்காமலே வண்டியைப் பின்னால் எடுத்துவிடுவார். எடுக்கட்டும். "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று அவர் தோளைத் தட்டாதீர்கள்.

ஓட்டுநருக்குக் கூடுதல் பணம் கொடுத்து நெருங்கச் சொல்வதும் நடக்கிறது. ஒருமுறை என்னோடு வந்த குழு அப்படிச் செய்து, கன்றோடு நின்ற பிடி இரண்டு முறை பாய்ந்து வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கன்று மட்டும் தாயின் வயிற்றுக்கடியில் ஒடுங்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

மலிவு இல்லை. கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் தொகை எழுதவில்லை. ஆனால் மூன்று இடங்களில் ஏமாறாதீர்கள். முதலாவது, அரசு விடுதியில் சொல்லும் விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. அதில் சாப்பாடும் சஃபாரியும் சேர்ந்திருக்கும். தனியார் விடுதியில் சஃபாரி பெரும்பாலும் தனிக்கணக்கு. இரண்டாவது, காட்டுக்குள் போகும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தனியார் விடுதியில் அறை கிடைத்துவிட்டாலே ஜீப்பில் இடம் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. எழுத்தில் உறுதி வாங்குங்கள். மூன்றாவது, "கபினி" என்று பெயர்ப்பலகை வைத்த எல்லா இடமும் கபினிக் கரையில் இல்லை.

கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் வனத்துறையே தமனகட்டேயிலிருந்து வேன் சஃபாரி நடத்துகிறது. மைசூருவில் தங்கிக்கொண்டு அதில் போய்வரலாம். நான் முதன்முதலில் யானைக் கூட்டம் பார்த்தது அதில்தான்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

சென்னையிலிருந்து மைசூருக்கு வந்தே பாரத் உட்பட ரயில்கள் உண்டு, மைசூருவிலிருந்து எச்.டி.கோட்டே வழியாகக் காரில் இரண்டு மணி நேரம். கோவை, ஈரோட்டிலிருந்து திம்பம், சாம்ராஜ்நகர் வழி. ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை, சரகூர் வழி. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும். திம்பத்திலும் இரவுத் தடை உண்டு. மதியச் சாப்பாட்டுக்குள் விடுதியை அடைந்தால்தான் அன்று மாலைச் சஃபாரி கிடைக்கும். ஆகவே விடிகாலையில் கிளம்புங்கள்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஜீப்பில் மூன்று மணி நேரம் குலுங்க வேண்டும், நடுவில் இறங்க முடியாது, கழிப்பறை கிடையாது. முதுகுவலி உள்ளவர்கள் பின் இருக்கையைத் தவிர்க்கட்டும். அவர்களுக்குப் படகே நல்லது. என் மாமியார் 74 வயதில் படகில் வந்தார். லைஃப் ஜாக்கெட் போடத்தான் தயங்கினார், யானையைப் பார்த்ததும் அதைக் கழற்றவே மறந்துவிட்டார். கைக்குழந்தையை ஜீப்பில் கூட்டிப்போக வேண்டாம். அழுதால் குழந்தையையும் குறை சொல்ல முடியாது, பக்கத்து இருக்கைக்காரரையும் குறை சொல்ல முடியாது.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

மங்கலான பச்சை, பழுப்பு ஆடைகள், தொப்பி, குளிர்காலமானால் ஸ்வெட்டர், பைனாகுலர். வாசனைத் திரவியம் வேண்டாம். கோடையில் உண்ணி கடிக்கும். புல்லில் உட்காராதீர்கள், குளிக்கும்போது காலைச் சோதித்துப் பாருங்கள். கேமராவுக்கு லென்ஸின் நீளத்தைப் பொறுத்துத் தனிக் கட்டணம் உண்டு. கைபேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். அதில் எடுக்கும் புலி எப்படியும் எறும்பளவுதான் இருக்கும்.

சஃபாரியை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்ததே?

2025 அக்டோபர், நவம்பரில் காட்டோரக் கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து நவம்பரில் கர்நாடக அரசு பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியை நிறுத்தியது. சஃபாரிப் பணியில் இருந்தவர்களைப் புலி நடமாட்டத்தைக் கண்காணிக்க அனுப்புவது அதன் ஒரு நோக்கம். சஃபாரி வண்டிகளால்தான் புலிகள் வெளியேறுகின்றன என்று கிராமத்தார் சொன்னார்கள், விடுதிக்காரர்கள் மறுத்தார்கள். எப்படியிருந்தாலும் பதிவு செய்யும் நாளில் சஃபாரி நடக்கிறதா, நடக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

மானந்தவாடி சாலையில் பள்ளே யானை முகாம் இருக்கிறது. மைசூரு தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்த யானை அர்ஜுனா இந்த முகாமைச் சேர்ந்தவன். காக்கனகோட்டே காட்டில் 1968இல் கெட்டாவில் பிடிபட்டவன். கெட்டா என்றால் காட்டு யானைக் கூட்டத்தைப் பறையடித்தும் தீவட்டி காட்டியும் விரட்டி, ஆற்றைக் கடக்கவைத்து, மரத்தடுப்புக்குள் அடைத்துப் பிடிப்பது. மகாராஜா, வெள்ளைக்கார விருந்தாளிகளோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். கடைசிக் கெட்டா நடந்தது 1971இல். அர்ஜுனா 2023 டிசம்பரில், ஹாசன் மாவட்டத்தில் காட்டு யானை பிடிக்கும் பணியின்போது இன்னொரு களிற்றோடு மோதி இறந்தான்.

அந்தக் கெட்டாக்களிலும் இன்றைய முகாம்களிலும் யானைப் பாகர்களில் பலர் ஜேனு குறும்பர்கள், அதாவது தேன் குறும்பர்கள் என்ற பழங்குடியினர். அணைக்காகவும் பூங்காவுக்காகவும் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. உங்கள் விடுதியில் தோட்டவேலை செய்பவர், சமையற்கட்டில் இருப்பவர் யாரேனும் அந்தச் சமூகத்தவராக இருக்கலாம். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த மாதம் எந்த மரம் பூத்தால் தேன் எங்கே இருக்கும் என்று ஒருவர் எனக்குச் சொன்ன ஒரு மணி நேரம், விடுதியில் இரவில் திரையிட்ட விலங்குப் படத்தைவிடச் சுவையாக இருந்தது.

விலங்கே தெரியாவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பும் காப்பி மட்டும் தவறாமல் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே குடித்துவிட்டு ஜீப்புக்குப் போங்கள். முன்வரிசை இடம் முதலில் வருகிறவருக்குத்தான்.